படிக்க மாட்டேன் என்றவனுக்கு ஸ்டோரிவீவர்: ஆறு மாதப் பழக்கத்தில் சொல்கிறேன்

ஸ்டோரிவீவர் இலவசமாகச் சிறுவர் கதை படிக்கிற இணையதளம். அதைப் பற்றி யாருக்காக எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது, எழுத்துக்கூட்டத் தெரியும், பாடப்புத்தகத்தை வாசி என்றால் வாசிக்கும், ஆனால் யாரும் சொல்லாமல் தானாக ஒரு பக்கத்தைப் புரட்டாது. அப்படிப்பட்ட பிள்ளையின் அப்பா அம்மா, மாமா, சித்திகளுக்குத்தான் இது. புத்தகத்தைக் கண்டதும் பாய்ந்து எடுக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கொடுத்து வைத்தவர்கள், மேலே படிக்க வேண்டாம்.

என் அக்கா மகன் ஐந்தாம் ஆண்டு. எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பின்னால் செம்பனைத் தோட்டம். பள்ளியில் நிலாம் என்ற வாசிப்புத் திட்டத்தின் பதிவு உண்டு, படித்த புத்தகத்தை எல்லாம் பதிய வேண்டும், இவன் பதிவைப் பார்த்தால் வாரத்துக்கு மூன்று புத்தகம் முடிக்கிற மேதாவி. ஒருநாள் அதில் ஒரு புத்தகத்தைக் காட்டி, “இந்தக் குரங்கு கடைசியில என்னடா ஆச்சு?” என்று கேட்டேன்.

“அது பின்னட்டையில போடலையே மாமா.”

சரி, இவனுக்குக் கைப்பேசிதான் உலகம், அதிலேயே கதை கொடுத்துப் பார்ப்போம் என்று முதலில் ஒரு கதைச் செயலியை இறக்கினேன். பெயர் வேண்டாம். இலவசம் என்றுதான் போட்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு விளம்பரம், மூன்றாவது பாகத்துக்கு நாணயம் வாங்கு என்றது, பையன் கதையை விட்டுவிட்டு விளம்பரத்தில் வந்த விளையாட்டை இறக்கி உட்கார்ந்துவிட்டான். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஸ்டோரிவீவர். பெங்களூரில் இருக்கிற பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம். 300க்கும் மேற்பட்ட மொழிகளில் சிறுவர் கதைகள், தமிழும் உண்டு. படிக்கக் கணக்குத் திறக்க வேண்டாம், காசும் வேண்டாம். கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரைப் போட்டுவிட்டு யாரும் அச்சடித்துக் கொடுக்கலாம், ஒரு வகுப்புக்கே நகலெடுத்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது, கதைகளை நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருப்பது. முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும், நான்காம் நிலை 1500 சொல்லைத் தாண்டும். நான் செய்த முதல் தப்பு இங்கேதான். பையன் ஐந்தாம் ஆண்டாச்சே என்று நேராக நான்காம் நிலையில் கொண்டுபோய் நிறுத்தினேன், முதல் பத்தியிலேயே கொட்டாவி விட்டான். இதற்குப் பழைய ஐந்து விரல் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசிக்கட்டும், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும், பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தக் கதை இப்போதைக்கு வேண்டாம். இவன் கையை வைத்துப் பார்த்ததில் இரண்டாம் நிலைதான் சரியாக வந்தது. அக்காவுக்கு முகம் சுருங்கியது, “சின்னப் பிள்ளைங்க கதையையா அவனுக்குக் குடுக்குற?” என்றாள். குடுத்தால் என்ன? மெதுவாக வண்டி ஓட்டிப் பழகாமல் யார் ஹைவேயில் ஏறுகிறார்கள். இரண்டு மாதத்தில் மூன்றாம் நிலைக்கு அவனே போய்விட்டான்.

அடுத்தது கதையின் வகை. நம் பிள்ளைகள் நீதிக்கதை கேட்டுக் கேட்டே அலுத்துப் போனவர்கள். காகம் வந்தாலே கடைசியில் ஒரு புத்திமதி வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால்தான் காகத்தைக் கண்டதும் புத்தகத்தை மூடுகிறார்கள். இந்தத் தளத்தில் சாகசம், மர்மம், வேடிக்கை, அறிவியல், நாட்டுப்புறக் கதை என்று வகை வகையாகத் தேடலாம். நான் எதையும் பரிந்துரைக்கவில்லை, தேடும் இடத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்தேன். மர்மத்தில் போய் உட்கார்ந்தான். ஒரு மாதம் வேறு எதையும் தொடவில்லை. நானும் விட்டுவிட்டேன், பத்து மர்மக் கதை படித்தவனுக்குப் பதினொன்றாவதாக எதைக் கொடுத்தாலும் வாசிக்கத் தெரிந்திருக்கும்.

கைப்பேசியில் கொடுத்தால் நடுவில் வேறு எதற்காவது தாவிவிடுகிறான் என்பதால் பிடிஎப்பாக இறக்கி, டவுனில் போட்டோஸ்டாட் கடையில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். வண்ணப் படம் சாம்பல் நிறத்தில் வந்தால் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மர்மக் கதைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஒரு சனிக்கிழமை கடையில் தாள் தீர்ந்திருக்கிறது, அதை நானும் பார்க்கவில்லை, கடைக்காரரும் பார்க்கவில்லை, கதையின் கடைசித் தாள் இல்லாமலே கட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. பையன் வாசல் படியில் உட்கார்ந்து வாசித்தான், பக்கத்தில் பாட்டி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடைசித் தாளைத் திருப்பினான், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, கட்டை உதறினான், பாட்டியின் முறத்துக்கு அடியிலும் தேடினான். அப்புறம் என்னிடம் ஓடி வந்து கைப்பேசியைக் கேட்டான், விளையாட அல்ல. தளத்துக்குப் போய், தேடி எடுத்து, நின்றபடியே மீதியைப் படித்து முடித்துவிட்டு, “நான் நெனச்சேன் மாமா, அந்தக் காவக்காரன்தான்!” என்றான். இவன் ஒரு கதையின் முடிவை ஊகித்து வைத்திருந்தான் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்கப்புறம் இரண்டு மூன்று முறை கடைசித் தாளை நானே எடுத்து ஒளித்து வைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு இயல்பாகவே நிறைய வரும். “டிபன்னா என்ன மாமா?” என்று கேட்டான், பசியாறுவதுதான் என்றேன், “அப்ப பசியாறுனான்னு எழுதியிருக்கலாமே” என்றான். நியாயமான கேள்வி. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், சினிமாவில் கேட்ட சொற்களை எழுத்தில் பார்ப்பது அவனுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஒரே கதையைப் பல நேரம் ஆங்கிலத்திலும் எடுக்கலாம் என்பது இன்னொரு வசதி. தமிழில் படித்து முடிவு தெரிந்த கதையை ஆங்கிலத்தில் கொடுத்தால் பயப்படாமல் வாசிக்கிறான், சொல் தெரியாவிட்டாலும் திருடன் யார் என்று தெரியும் இல்லையா.

வயதைக் கவனியுங்கள். இவை படக்கதைகள், 7 வயதிலிருந்து 11 வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைக்கு இந்தச் சட்டை சின்னது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிவம் இரண்டு, அவளுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தைக் காட்டினேன். தன்னார்வலர்கள் நடத்துவது, அதுவும் இலவசம்தான், ஈபப், பிடிஎப் என்று கருவிக்குத் தகுந்த மாதிரி இறக்கலாம், சிறுகதைத் தொகுப்புகள் நிறைய. ஆனால் அது எல்லோருக்குமான நூலகம், பெரியவர்களுக்கு எழுதியதும் கலந்தே இருக்கும், அதனால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். நேரம் பிடிக்கும் வேலை, நானும் எல்லா வாரமும் செய்வதில்லை.

எனக்கு இருக்கிற ஏக்கம் வேறு. நம் தோட்டத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மர்மக் கதை எங்கேயும் என் கண்ணில் படவில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள், அதை ஒட்டித்தான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலமே வந்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு, இருட்டில் யார் நடமாடுகிறார்கள் என்று தெரியாத செம்மண் பாதை. இதைவிடவா ஒரு கதைக்கு வேண்டும்? ஸ்டோரிவீவரில் நாமே எழுதி ஏற்றலாம், அதற்குக் கணக்கு மட்டும் திறக்க வேண்டும். எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் நம்மிடம் இல்லாமலா போய்விட்டார்கள்.

பாட்டிக்கு 80 ஆகிறது, அவர் அம்மா சொன்னதைச் சொல்வார், ராத்திரி லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிடுவார்களாம். போன வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே அதை ஆரம்பித்தார், நாய் குரைத்தது, யாரோ கதவைத் தட்டினார்கள் என்பது வரை வந்துவிட்டு, சோறு பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“கடைசித் தாளை நீங்கதான பாட்டிக்கிட்ட எடுத்து வைக்கச் சொன்னீங்க?”