அட்டன் மூலிகைக் கடை ஒலிவ் இலை: இலை நல்லது, பேச்சுத்தான் அதிகம்

தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான். எந்த இலையானாலும் உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்த பிறகுதான் மற்றது. இது நல்ல இலை. மேல்பக்கம் சாம்பல் கலந்த பச்சை, அடிப்பக்கம் வெள்ளி நிறம். தூசியும் காம்பும் குறைவு. துருக்கிச் சரக்கு என்று பொதியில் போட்டிருக்கு. சிலோன் ஒலிவ் என்கிற நம்ம வெரலு மரத்து இலை இல்லை, அது வேறு இனம்.

கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிசம் மூடி வைத்தாலும் சாயம் வெளிர் மஞ்சள்தான். கசப்போ அசல் கசப்பு. ஒலியூரோபீன் என்கிற கசப்புப் பொருள் இருக்கிற இலை கசக்கத்தான் வேணும். கசக்காததை நான் நம்பவே மாட்டேன். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் இறங்கும்.

பொதியில் ‘பிரஷருக்குக் கைகண்ட மருந்து’ என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2011இல் வெளியான இந்தோனேசிய ஆய்வில் பிரஷர் குறைந்தது உண்மை. ஆனால் அங்கே கொடுத்தது இலைச்சாற்று மாத்திரை: 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 8 வாரம். கோப்பைத் தண்ணியில் அந்த அளவு இறங்குதா என்று யார் அளந்தது? வீட்டுக்காரி கிளினிக்கில் லோசார்டன் என்கிற பிரஷர் மாத்திரை எடுக்கிறவ. இதையும் சேர்த்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கலாம் என்று அவளுக்குக் கொடுக்கவில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவங்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்க. கடைத் தம்பி இதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

பையும் சரியில்லை, நம்ம பனிக்கு நமத்துப்போகும். போத்தலில் மாற்றி வையுங்க. 100 கிராம் 1,400 ரூபாய். அடுத்த தடவை 50 கிராம்தான் வாங்குவேன்.