அம்மாவை மெல்பர்னுக்கு அனுப்ப: சாங்கியா, கட்டுநாயக்கவா?

மதுரையிலிருந்து மெல்பர்னுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, தமிழ் மட்டும்தான் தெரியும், துணைக்கும் ஆள் இல்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தையும் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுநாயக்க வழியாகத்தான் டிக்கெட் போட்டேன். கோலாலம்பூரும் யோசனையில் இருந்தது. ஆனால் அங்கே இரண்டு முனையங்களும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படி அமைந்துவிட்டால் வயதானவர்களுக்குத் தனியாகச் சிரமம் என்று அதை முதலிலேயே விட்டுவிட்டேன்.

வசதி என்று பார்த்தால் சாங்கிக்கு ஈடே இல்லை. கால் பிடித்துவிடும் இயந்திரம் இலவசம், மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், இலவசத் திரையரங்கு. கழிவறை வாசலில் தொடுதிரை வைத்து, சுத்தமாக இருக்கிறதா என்று பயணிகளிடமே கேட்கிறார்கள். 40 மீட்டர் அருவி விழும் ஜுவல் என்ற வணிக வளாகம் மட்டும் குடிநுழைவைத் தாண்டி வெளியே இருப்பதால், மாறிப் போகிறவர்கள் விசா பற்றி யோசிக்க வேண்டும். நான் மட்டும் போவதாக இருந்தால் இன்றைக்கும் சாங்கிதான்.

ஆனால் சக்கர நாற்காலியில் போகிறவருக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது. விமான வாசலில் ஒருவர் வந்து கூட்டிப்போவார், ஓரிடத்தில் உட்கார வைப்பார், போய்விடுவார். ஏறும் நேரத்தில் வேறொருவர் வருவார். நடுவில் இருக்கும் அந்த மணிநேரங்கள்தான் என் கவலை. தண்ணீர் வேண்டும், கழிவறை போக வேண்டும், ‘என்னை மறந்துட்டாங்களோ’ என்று பயம் வரும். யாரைக் கேட்பது, எந்த மொழியில் கேட்பது?

சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலிலேயே நடக்கும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு கழிவறை வேண்டுமென்றால், பல வாயில்களில் வெளியே வந்து மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது சின்ன விஷயம். அம்மாவோ கேட்கத் தயங்கி, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழிதான், தமிழ் பேசும் பணியாளர்களும் உண்டு. ஆனால் அத்தனை பெரிய இடத்தில், தேவைப்படும் நேரத்தில் அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பார் என்று நம்பி அனுப்ப மனம் வரவில்லை.

கட்டுநாயக்க சிறியது. அலங்காரம் கிடையாது, கடைகள் குறைவு, விமானங்கள் அடுத்தடுத்து வரும் நேரத்தில் நெரிசலும் உண்டு. ஆனால் அறிவிப்புப் பலகைகளில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் தமிழ் இருக்கிறது. மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து தினமும் ஆட்கள் வந்து இறங்கும் இடம் என்பதால், பக்கத்து இருக்கையிலேயே தமிழ் பேசுகிறவர் இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவைக் கூட்டிப்போன பையன் ‘இங்கயே இருங்கம்மா, நான் வருவேன்’ என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாராம். சொன்னபடியே வந்தும் இருக்கிறார். ஊர் வந்து சேர்ந்ததும் அம்மா முதலில் சொன்னது அதைத்தான்.

பயணத்தின் அளவிலும் வித்தியாசம் உண்டு. கொழும்பு வழியாகப் போனால் முதலில் ஒரு மணி நேரப் பறப்பு, அப்புறம் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே உட்கார்ச்சி. சிங்கப்பூர் வழி இதைவிடச் சீராகப் பிரிகிறது. கால் வீக்கம், ரத்த ஓட்டப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம்; மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். திரும்பி வரும் திசையில் கொழும்பில் இரவு முழுக்கக் காத்திருக்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. அப்படி நீண்ட இடைவெளி விழுந்தால் நானே சிங்கப்பூரை மறுபடி யோசிப்பேன்.

எந்த வழி என்றாலும் இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். அதிலும் வகை உண்டு: டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்றால் படி ஏறுவார் என்று அர்த்தம், டபிள்யூ.சி.ஹெச்.எஸ். என்றால் படி ஏற மாட்டார். விமானம் தள்ளி நின்று பேருந்தில் கூட்டிப்போனால் ஏணிப்படிதான். முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டாவதையே கேட்டுப் போடுங்கள்.