சோடியம்-22ஐப் புதுப்பிப்பதா, சின்ன லினாக் வைப்பதா?

எங்கள் ஆய்வகத்துக்குப் பாசிட்ரான்களை, அதாவது நேர்மின்னேற்றம் கொண்ட எதிர்-எலெக்ட்ரான்களைத் தரும் கதிரியக்கச் சோடியம்-22 மூலம் கால்வாசிக்கு இறங்கியபோது கேள்வி வந்தது: இன்னொரு மூலம் வாங்குவதா, ஆற்றல் 10 மெகா எலெக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டாத சின்ன லினாக் (எலெக்ட்ரான்களை நேர்கோட்டில் முடுக்கும் எந்திரம்) வைப்பதா? அணு உலையும் ஒரு வழிதான். ஜெர்மனியின் கார்ஹிங் உலையில் நொடிக்குச் சுமார் 100 கோடி மெதுவான பாசிட்ரான்கள் எடுத்திருக்கிறார்கள். அதற்காக நாம் உலை கட்ட முடியாது, விடுங்கள்.

சோடியம் தொல்லையில்லாத பிராணி. கரண்ட் போனாலும் தன்பாட்டுக்குப் பாசிட்ரானைக் கொடுக்கும். சுமார் 7 கெல்வினில் உறைந்த நியானை மாடரேட்டராக, அதாவது பாசிட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருளாக வைத்தால், நூற்றுக்கு ஒன்று வரைகூட மெதுவாக்கலாம். டங்ஸ்டனில் ஆயிரத்துக்கு ஒன்று தேறினாலே பெரிது.

என் மனத்தை மாற்றியது காலண்டர். சோடியத்தின் அரை ஆயுள் 2.6 ஆண்டு. ஒரு மாணவர் சேர்ந்து ஆய்வேடு கொடுப்பதற்குள், ஒரு மணி நேரத்தில் முடிந்த அளவீடு நான்கு மணி நேரம் இழுக்கிறது. அப்புறம் மறுபடி அனுமதி, ஆர்டர், காத்திருப்பு; பழையதை எங்கே வைப்பது என்ற தலைவலி வேறு. சரி, முதலிலேயே பெரிய மூலமாக வாங்கலாமே என்றால், சோடியத்தின் தடிமன் கூடக்கூட உள்ளே பிறக்கும் பாசிட்ரான்கள் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

லினாக் எலெக்ட்ரான்களை டங்ஸ்டன் இலக்கில் மோதவிட்டுப் பாசிட்ரான்களை உண்டாக்குகிறது; அதில் இந்தத் தேய்மானம் இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டினால் பாசிட்ரான் கூடும், அணைத்தால் நின்றுவிடும். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், எதிர்ஹைட்ரஜனை ஆராயும் ஜிபார் குழு 9 மெகா எலெக்ட்ரான்வோல்ட் லினாக்கைத்தான் வைத்திருக்கிறது. இந்த ஆற்றலில் நியூட்ரான்கள் குறைவு. டங்ஸ்டன் இலக்கிலும் சுற்றுப்புறத்திலும் அவ்வளவாகக் கதிரியக்கம் ஏறுவதில்லை. பழுது பார்க்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பராமரிப்பில் எனக்கு இதுவே பெரிய லாபம்.

சிரமம் வெப்பத்தில். 10 மெகா எலெக்ட்ரான்வோல்ட், சராசரி 0.2 மில்லிஆம்பியர் என்றால் 2 கிலோவாட் கற்றை. ஒரு மில்லிமீட்டர் டங்ஸ்டன் அதைத் தாங்க வேண்டும். பக்கத்திலேயே இவ்வளவு சூடும் கதிர்வீச்சும் இருக்க, நியானை உறையவைப்பது பெரும்பாடு. நாங்கள் மாடரேட்டராக டங்ஸ்டன் வலையோடு நின்றுவிட்டோம். பாசிட்ரான்களும் மைக்ரோநொடித் துடிப்புகளாகக் கும்பலாக வரும். சீராக வேண்டுமானால் துகள்களை அடைத்துவைக்கும் மின்காந்தப் பொறியில் பிடித்துச் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். லினாக்குக்குச் சக்தி தரும் எங்கள் மைக்ரோஅலைக் குழாய் இன்னும் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை, அதனால் நீண்டகாலச் செலவுக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

பழைய சோடியத்தை ஒதுக்கிவிடவில்லை. லினாக் நிற்கும் நாட்களில் டிடெக்டர்களைச் சரிபார்க்க அந்தக் கால்வாசியே போதும்.