ஷீட் கூரையின் அடியில் ஃபோம்: சில கோடைகளுக்குப் பிறகு எது நிற்கிறது, எது உரிகிறது

கத்திரி வெயிலில் மொட்டைமாடி அறையின் தகர ஷீட் 60 டிகிரியைத் தாண்டிவிடும். சூடேறிய ஷீட்டிலிருந்து கீழே இறங்கும் வெப்பக் கதிர்தான் அங்கே பெரிய தொல்லை. மின்விசிறி எவ்வளவு சுற்றினாலும் அந்தக் கதிரை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய எக்ஸ்.எல்.பி.இ. ஃபோமை (நுண்ணிய காற்றறைகள் கொண்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் பாய்) ஷீட்டின் அடியில் ஒட்டினால் தலைமேல் இறங்கும் அந்தக் காந்தல் கணிசமாகக் குறையும். இது முதல் கோடையிலேயே தெரியும். ஆனால் மூன்றாவது கோடையிலும் அது கூரையோடு ஒட்டி நிற்குமா என்பதை ஒட்டும் வேலைதான் தீர்மானிக்கிறது. ஃபோமின் விலையைப் பார்ப்பவர்கள் பசைக்கும் கட்டுக்கம்பிக்கும் கணக்குப் பார்க்கவே கூடாது.

அலுமினியப் பக்கம் அறையை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். அதை மேலே திருப்பி ஷீட்டில் ஒட்டினால் உலோகத்தோடு உலோகம் தொட்டு வெப்பம் நேராகக் கடந்துவிடும், பளபளப்பால் பயனே இல்லை. எதிரே காற்றிடைவெளி இருந்தால்தான் அந்தத் தாள் வேலை செய்யும். கீழ் நோக்கி இருப்பதால் தூசியும் அதிகம் படியாது.

தடிமன் குறைந்தது 10 மி.மீ. வாங்குங்கள். வெப்பத்தைத் தடுப்பதில் அது 10 செ.மீ. கான்கிரீட்டைவிடச் சுமார் நான்கு மடங்கு மேல். இருந்தாலும் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். மேற்குச் சுவர் வெறுமையாக நின்றால் மாலையில் அது உமிழும் சூடு அப்படியேதான் இருக்கும்.

10 அடிக்கு 12 அடி அறை என்றால் கூரை 120 சதுர அடி. வெட்டுக் கழிவோடு 135 சதுர அடி ஃபோம் வேண்டும். சரிவு அதிகமாக இருந்தால் சரிவின் நீளத்தையே அளக்க வேண்டும். ரப்பர் பசையை ஷீட்டிலும் ஃபோமிலும் பூசுவதால் லிட்டருக்குச் சுமார் 20 முதல் 25 சதுர அடிதான் வரும், அதனால் 6 லிட்டர் வாங்குங்கள். பின்பக்கமே பசையோடு வரும் ரகமும் உண்டு. தூசி படிந்த பழைய ஷீட்டில் அதை மட்டும் நம்பக் கூடாது.

முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றிவிட்டு, ஹோஸில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். ஃபோம் ஒட்டிய பிறகு ஒழுகினால் தண்ணீர் அதன் முதுகிலேயே ஓடி வேறொரு மூலையில் சொட்டும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் ஷீட் துருப்பிடித்துவிடும். அடுத்து, அடிப்பக்கத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னரில் துடைக்க வேண்டும். புது ஷீட்டிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதையும் துடைத்தாக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் தேய்க்கவும் கூடாது, துளையிடவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அங்கே பசையை விட்டுவிட்டு, குறுக்குச் சட்டங்களில் கம்பி கட்டி ஃபோமைத் தாங்கவிடுவதே பாதுகாப்பு.

வேலையைக் காலை பத்து மணிக்குள் முடியுங்கள். சுட்ட ஷீட்டில் பசை பூசியவுடனே மேலே ஏடு கட்டிக் காய்ந்துவிடும். மழைக்காலத்திலும் வேண்டாம், பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பிடிப்பு கெடும். இருபுறமும் பூசி 10, 15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது. கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். இந்தப் பசையைத் தெர்மோகோலில் பூசினால் அது கரைந்தே போகும்.

ஷீட்டின் மேடுகளுக்குள் ஃபோமைத் திணிக்காதீர்கள். வளைத்து ஒட்டிய ஃபோம் நிமிரப் பார்க்கும், உரிதல் அங்கேதான் தொடங்கும். தட்டையான பள்ளங்களில் மட்டும் ஒட்டி, மேடுகளைக் குறுக்கே தாண்டிப் போகட்டும். ஓரத்தில் மேடுகளின் திறந்த வாயை ஃபோம் துண்டால் அடைக்காவிட்டால் குளவி கூடு கட்டும். இரும்புச் சட்டங்களை வெறுமையாக விட்டால் அவை வழியே சூடு இறங்கும், அவற்றின் மீதும் ஒரு பட்டை சுற்றுங்கள். கடைசியாக, சட்டத்திலிருந்து சட்டத்துக்குக் கட்டுக்கம்பியை ஓரடி இடைவெளியில் இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் பசை இளகினாலும் ஃபோம் தொங்காது. ஸ்க்ரூ அடிப்பதானால் சட்டத்தில் மட்டும்தான், ஷீட்டில் அடித்தால் அதுவே அடுத்த ஒழுகல்.

சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையிலுள்ள சந்துக்கு 750 மி.லி. பி.யூ. ஃபோம் கேன் (அழுத்தினால் நுரையாக வந்து உப்பி இறுகும் பாலியூரித்தேன்) போதும். சுவரை லேசாக ஈரப்படுத்தி, கேனைக் கவிழ்த்துப் பிடித்து, சந்தில் பாதிக்கும் குறைவாக நிரப்புங்கள், மீதியை அதுவே உப்பி அடைக்கும். எலி வரும் வீடென்றால் முதலில் கம்பி வலை வைக்க வேண்டும், எலி இந்த ஃபோமைச் சுலபமாகக் குடைந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிந்தியதை ஈரமாக இருக்கும்போது அசிட்டோன் எடுக்கும், இறுகினால் சுரண்டத்தான் வேண்டும். வெயில் படும் இடத்தில் பூசாமல் விட்டால் பழுத்து உதிரும், சீவிவிட்டு மேலே சிமென்ட் பூசுங்கள்.

பலனை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பார்ப்பவர்கள் பளபளப்பான தாளை நேராக அளக்கக் கூடாது, காட்டும் எண் தவறாகவே இருக்கும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

மழைச் சத்தம் குறைவதும், மார்கழி விடியலில் ஷீட்டிலிருந்து பனிநீர் சொட்டுவது நிற்பதும் கூடுதல் லாபம். முதலில் தளர்வது, ஃபோம் துண்டுகள் சேரும் இணைப்புகளின் மேல் ஒட்டும் அலுமினிய டேப்தான். பங்குனியில் ஒருமுறை ஏணி போட்டுப் பார்த்து, எழும்பிய இடத்தில் பழைய டேப்பை எடுத்து, துடைத்துவிட்டுப் புதிது ஒட்டுங்கள். அடுப்பு எரியும் அறையில் இதைப் போட வேண்டாம். தீ பரவலைத் தடுக்கும் ரகமே ஆனாலும் இது பிளாஸ்டிக், எரிந்தால் உருகிச் சொட்டும்.