மஞ்சள் கேப்சூல்: இரண்டரை வருஷம் சாப்பிட்ட அனுபவம்

ஈரோட்டில் ஜவுளிக் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றபடியே வேலை பார்த்தவள் நான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான், அதற்குள் என் வலது முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மூட்டுத் தேய்மானம், ஆரம்ப நிலைதான் என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் வலி நிற்கும், ஆனால் நெஞ்செரிச்சலில் ராத்திரித் தூக்கம் போய்விடும். அப்படித்தான் குர்குமின் (மஞ்சளில் இருக்கிற முக்கியமான பொருள்) கேப்சூலுக்கு வந்தேன், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

"மஞ்சள் விளையிற ஊர்ல இருந்துக்கிட்டு மஞ்சளை டப்பால வாங்கித் திங்கிறியா?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எங்கள் வீட்டில் விரலி மஞ்சள் வாங்கி அரைத்து வைத்துத்தான் சமையல். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் தோராயமாக 3 சதவீதம்தான், அதாவது 3 கிராம் அளவுக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் கிடைப்பது 90 மில்லிகிராம். கேப்சூலில் இருப்பது தூள் இல்லை, சாறு பிரித்தெடுத்து 95 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம் இருக்கும், அதாவது ஐந்து டீஸ்பூனுக்கும் மேல், அவ்வளவு மஞ்சளை எந்தக் குழம்பில் போட்டு யார் சாப்பிட முடியும்? குழம்பு மஞ்சள் உணவு, கேப்சூல் மஞ்சள் கிட்டத்தட்ட மருந்து. இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

இன்னொரு சிக்கல், குர்குமினை நம் உடம்பு லேசில் ஏற்றுக்கொள்ளாது. வெறும் குர்குமின் 2 கிராம் சாப்பிட்டால்கூட ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் தெரிவதில்லை. பெங்களூரில் செய்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அதனுடன் மிளகில் இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடம்பில் சேரும் அளவு இருபது மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போட்ட நம் பாட்டிமாருக்கு எண்கள் தெரியாது, ஆனால் சேர்க்கை தெரிந்திருக்கிறது. கொழுப்பில்தான் அது கரையும் என்பதால் பாலும் பொருத்தம்தான். அதனால் நான் பைப்பரின் சேர்ந்த கேப்சூலாகப் பார்த்து வாங்கினேன்.

சரி, பலன் என்ன? முதல் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. ஐந்தாவது வாரம் போல, காலையில் எழுந்ததும் முழங்கால் பிடித்துக்கொள்வது குறைந்ததை உணர்ந்தேன், முன்பெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால்தான் சரியாகும். மூன்று மாதத்தில் வலி மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை, மாடிப்படி இறங்கும்போது இன்னும் வலிக்கிறது. அதே நேரத்தில் தொடைத் தசைக்கான பயிற்சியும் செய்தேன், நாலு கிலோ குறைந்தேன். எல்லாப் பெருமையையும் கேப்சூலுக்குக் கொடுத்தால் அது பொய்.

தொந்தரவும் இருந்தது. வெறும் வயிற்றில் போட்டால் புளித்த ஏப்பம், வயிற்றுப்போக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றியதும் நின்றது. அதைவிட நான் செய்த பெரிய தப்பு, பல் பிடுங்கப் போனபோது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றேன். மஞ்சள்தானே என்ற நினைப்பு. ரத்தம் நிற்க ரொம்ப நேரமானது. அதற்குக் கேப்சூல்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதிக அளவு குர்குமின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நிறுத்தச் சொல்வார்கள் என்பதே எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. பித்தப்பையில் கல் இருப்பவர்களும் தொடக்கூடாது. இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் குர்குமின் தடுக்கலாம், சோகை இருக்கிறவர்கள் கவனமாக இருங்கள்.

கல்லீரல் விஷயம்தான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. 2019இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விட்டது, குறிப்பாக அளவு அதிகமானவையும் உடம்பில் அதிகமாகச் சேரும்படி செய்தவையும் கூடுதல் ஆபத்தாக இருக்கலாம் என்று. எந்தப் பைப்பரினுக்காக நான் தேடித் தேடி வாங்கினேனோ அதுவேதான்! அன்றிலிருந்து, இரண்டு கேப்சூல் சாப்பிட்டதை ஒன்றாகக் குறைத்துவிட்டேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்கிறேன். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருமையாகப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

வாங்கும்போது "மஞ்சள் 500 மி.கி." என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுவேன், குர்குமினாய்டு, அதாவது குர்குமினும் அதன் வகைப் பொருட்களும், எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணைப் பார்ப்பேன். இந்த வகைப் பொருட்களில் "மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட்டிருப்பார்கள், அது சட்டப்படி கட்டாயம். அப்படியிருக்க மூட்டு வலியை முழுசாகக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள்.

போன மாதம் மாமியாரே தனக்கும் ஒரு டப்பா வாங்கித் தரச் சொன்னார். அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க தினம் மாத்திரை. இதய டாக்டரிடம் கேட்டேன், கேப்சூல் வேண்டவே வேண்டாம், சமையலில் போடுகிற மஞ்சள் போதும் என்றார். ராத்திரி பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் தட்டின மிளகும் போட்டுத் தருகிறேன். அதைக் குடித்துவிட்டுத்தான் படுக்கிறார்.