குதிகாலுக்கு ஜெல் தடவ 7,400 ரூபாய்

கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் கல்யாண மண்டபத்துல "இலவச எலும்பு பரிசோதனை முகாம்"னு ஃபிளக்ஸ் கட்டியிருந்தா வீட்டுப் பெரியவங்களைத் தனியா அனுப்பாதீங்க. எங்க அத்தைக்கு 64 வயசு. போன வாரம் 7,400 ரூபாய் போச்சு. பேர் போடலை. ஊர் ஊரா முகாம் போட்டு, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கற லேப் ஒண்ணுன்னு மட்டும் வச்சுக்குங்க.

முகாம்ல குதிகாலை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, ஜெல் தடவி, ஒரு நிமிஷத்துல சீட்டு குடுத்துட்டாங்க. டி-ஸ்கோர் (இளவயசு எலும்போட ஒப்பிட்டுச் சொல்ற எண், மைனஸ் கூடக்கூட எலும்பு பலவீனம்) மைனஸ் 2.8, சிவப்பு மையில. அங்கதான் கவுத்துனாங்க. வெள்ளைக் கோட்டுப் பையன் பக்கத்துல உக்காந்து, "பயப்படாதீங்க அம்மிணி, எங்கம்மாவுக்கும் இதேதானுங்க. சென்டருக்கு வாங்க, இடுப்பு, முதுகு ரெண்டுக்கும் டெக்ஸா எடுத்து ரத்தமும் பாத்தரலாம். இன்னைக்கே கட்டுனா 7,400, நாளைக்குன்னா 12,000-ங்க"ன்னான். டெக்ஸாங்கறது எலும்பு அடர்த்தியை அளக்கற எக்ஸ்ரே ஸ்கேன். அந்தப் பேரை அவன் வாயாலயே சொன்னதைப் பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டாங்க. சொசைட்டியில வந்த பால் பணம் அப்படியே அவன் கைக்குப் போச்சு.

சென்டர்லயும் அதே பெட்டி, அதே ஜெல்.

இது ஏன் மோசடின்னு விவரமாச் சொல்றேன். அந்தப் பெட்டி அல்ட்ராசவுண்ட். குதிகால் எலும்புக்குள்ள ஒலி எவ்வளவு வேகமாப் போகுது, எவ்வளவு மங்குதுன்னு அளக்கும். எலும்பின் அடர்த்தியை நேரா அளக்காது. பாதம் கொஞ்சம் திரும்பினாலோ வீங்கியிருந்தாலோ எண் மாறும். மைனஸ் 2.5-ம் அதுக்குக் கீழயும் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையற நோய்ங்கற கணக்கு டெக்ஸாவுக்கு உண்டானது. அதுவும் இடுப்பு, முதுகு, தேவைப்பட்டா முன்கை எலும்பு, இந்த இடங்கள்ல எடுத்தாத்தான். அதே கணக்கைக் குதிகால் எண்ணுக்குப் போட்டு சிவப்பு அடிச்சா, நல்லா இருக்கறவங்களும் நோயாளி ஆயிருவாங்க, நோய் இருக்கறவங்களும் தப்பிச்சிருவாங்க. முதல் கட்டமாச் சலிச்செடுக்க வேணா அது ஆகும். நோயை உறுதி பண்ணவோ, மருந்து வேலை செய்யுதான்னு பாக்கவோ ஆகாது.

ரத்தப் பரிசோதனை அதைவிடக் கூத்து. "63 டெஸ்ட்"ல யூரிக் அமிலம், கொழுப்பு எல்லாம் இருக்கு; வைட்டமின் டி இல்லை, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தற பாராதைராய்டு ஹார்மோன் இல்லை. கால்சியம் 9.4, நார்மல்னு பெருமையா வட்டம் போட்டிருக்காங்க. ரத்தத்துல குறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து உருவி அந்த அளவைச் சரிக்கட்டிரும். அதனால ரத்தக் கால்சியம் நார்மலா இருந்துக்கிட்டே எலும்பு கரையலாம். எலும்பு கரையற வேகத்தைக் காட்டற சிடிஎக்ஸ் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல, காலையில ரத்தம் எடுக்கணும், சாப்பிட்டா அளவு இறங்கிரும். அத்தைக்கு எடுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், நாலு மணிக்கு! அந்த எண்ணைக் குப்பையில போடலாம்.

போன் பண்ணுனா, "அது மார்க்கெட்டிங் ஆளுங்க சொன்னதுங்க." மேனேஜரைக் கேட்டா, "பில்லுல பிஎம்டின்னுதானுங்க (எலும்பு அடர்த்தி) இருக்கு, டெக்ஸான்னு எங்கியும் போடலையே." அடுத்தது, "ரிப்போர்ட் குடுத்தாச்சுல்லீங்க, டாக்டருகிட்டக் காட்டிக்கங்க." இப்ப போனையே எடுக்கறதில்லை. 7,400 ரூபாய்க்கு ஒரு மன்னிப்புக்கூட இல்லை. கூச்சமே இல்லாம, மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்லி மெசேஜ் மட்டும் வந்திருக்கு.

கோயமுத்தூர்ல நிஜமான டெக்ஸா எடுத்தோம். இடுப்பு மைனஸ் 1.9. முதுகு மைனஸ் 0.9, ஆனா தேய்மானத்துல முளைச்ச எலும்பு முள்ளு அடர்த்தியை ஏத்திக் காட்டும்கறதால அதை நம்ப வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தை உயரம் குறைஞ்சிருக்கறதால முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் எழுதிக் குடுத்தாரு. தண்டுவட எலும்பு நசுங்கியிருந்தா ஸ்கோர் எதுவா இருந்தாலும் வைத்தியம் மாறும். லேப் பையன் உயரம்கூட அளக்கலை.

டெக்ஸா எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு முழுசா எழுதத்தான் உக்காந்தேன், கோவத்துல கை ஓடலை. இதையாவது பாத்துக்குங்க.

படுக்க வச்சு, மேல ஒரு கை மாதிரி கருவி நகர்ந்து எடுத்தாத்தான் இடுப்பு, முதுகு டெக்ஸா. காலை மட்டும் பெட்டிக்குள்ள விடச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. ரிப்போர்ட்ல இடுப்புப் படமும், எல்1 முதல் எல்4 வரை (கீழ்முதுகு எலும்புகள்) முதுகுப் படமும் இருக்கணும். முந்தின நாள் கால்சியம் மாத்திரை போடாதீங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி பில்லுல "டெக்ஸா, இடுப்பு, முதுகு"ன்னு எழுதி வாங்குங்க. ஏமாந்தா 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் போடுங்க, நாங்க போட்டாச்சு. மறு ஸ்கேன் பொதுவா ஒண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு, அதே மிஷின்ல. மூணு மாசத்துல வர்ற மாற்றம் பெரும்பாலும் மிஷினோட அளவுப் பிழைக்குள்ளயே அடங்கிரும், அதுக்குன்னு யாராவது கூப்பிட்டா போகவே போகாதீங்க.