2,35,000 ரூபாய் போச்சு: மாதவரம் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 2,35,000 ரூபாய். அதில் 2,00,000 டோக்கன் அட்வான்ஸ், வீட்டுக்காரர் கணக்குக்குப் போனது. மீதி 35,000 ‘சட்டச் சரிபார்ப்பு’ என்று ஒரு வீடு தேடும் ஆப் வாங்கிக்கொண்டது. பெயர் போடவில்லை, போட்டால் நோட்டீஸ் அனுப்புவார்கள் என்று நண்பன் தடுக்கிறான். விளம்பரம் பார்க்காதவர் இருக்க மாட்டீர்கள், அந்த வகை ஆப். நேற்று சாயங்காலம் அவர்கள் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தேன். ராத்திரி தூங்கவில்லை. என்ன செய்யக்கூடாது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் கொருக்குப்பேட்டை. தாத்தா காலத்திலிருந்து அங்கேதான். ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். அம்மாவுக்கு வீசிங் வேறு. சொந்தக்காரர்கள் எல்லாம் அடையாறு போ, தாம்பரம் போ என்றார்கள். எனக்கு வேலை பாரிமுனையில், கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். வடசென்னையை விட்டுப் போக மனசும் இல்லை. இங்கேயே மரமும் காற்றும் உள்ள இடம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மாதவரம் பால் பண்ணைப் பக்கம்தான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், தாவரவியல் பூங்கா என்று கண்ணுக்குப் பச்சையாக இருக்கும். இரண்டாம் கட்ட மெட்ரோவில் இரண்டு வழித்தடங்கள் அங்கிருந்துதான் கிளம்பப்போகின்றன, அதனால் விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆப்பில் அந்த வீட்டைப் பார்த்தது ஆனி மாதக் கடைசியில். அரை கிரவுண்டில் தனி வீடு, 1 கோடியே 28 லட்சம். படத்துக்குப் பக்கத்தில் பச்சை டிக், ‘சரிபார்க்கப்பட்டது’ என்று. நேரில் போனோம். தெருவின் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். வீட்டு வாசலுக்கு வாசல் கார், அதன்மேல் கவர், கவர்மேல் சின்னச் சின்ன இலை. மதியம் மூன்று மணிக்கு அந்தத் தெருவில் சத்தமே இல்லை. அம்மா கேட்டுக்குள் நுழைந்ததும் மாமரத்தடியில் நின்றுவிட்டாள். கீழே விழுந்து அணில் கடித்த காய் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்து, ‘கிளிமூக்குடா’ என்றாள். விலை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஏஜென்ட் பையனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். பாத்ரூம் பக்கச் சுவரில் ஓதம் காத்திருந்தது, பெயின்ட் உப்பி நின்றது. நான் கவனிக்கவே இல்லை. அவனே கூப்பிட்டு, நகத்தால் கீறி உதிர்த்துக் காட்டினான். ‘இதை உங்ககிட்ட மறைக்கக் கூடாது சார். இதைச் சொல்லியே ரெண்டு லட்சம் குறைச்சுக் கேளுங்க’ என்றான். இதைவிட என்ன வேண்டும் எனக்கு? குறையை அவன் வாயாலேயே சொல்கிற ஏஜென்டை முதல்முறையாகப் பார்த்தேன். அந்த நிமிடம் அவனை நம்பியவன்தான், அதற்குப் பிறகு அவன் சொன்ன எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. ஓதம் காத்த சுவரைக் காட்டி என்னை வாங்கிவிட்டான்.

வீட்டுக்காரர் உள்ளே இருந்தார், ஐம்பது வயதுக்காரர். பத்திரம் அப்பா பெயரில் 1988-இல் வாங்கியது, அப்பா 2019-இல் தவறிவிட்டார். ‘நான் ஒரே பையன் சார், எல்லாம் எனக்குத்தான்’ என்றார். சொத்து வரி ரசீதும் ஈபி கார்டும் அவர் பெயரில் இருந்தன. ஒரிஜினல் பத்திரம் லாக்கரில் இருக்கிறதாம், ஜெராக்ஸ் காட்டினார். பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவத்தில், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் என்று ஆபீஸில் எனக்குப் பேர். அன்றைக்கு ‘ஒரே பையன்’ என்ற இரண்டு வார்த்தையைச் சரியாகப் படிக்கவில்லை.

அன்று இரவே போன். முகப்பேரிலிருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கிறார்களாம், நாளையே டோக்கன் போடுகிறார்களாம். ‘நாளன்னைக்கு ஆடி பிறக்குது சார். ஆடியில அம்மா ஒத்துக்க மாட்டாங்க. ஆனியிலயே போட்டுடுங்க, அக்ரிமென்ட் ஆவணியில போட்டுக்கலாம்’ என்றான். அம்மாவை வைத்து என்னைப் பிடித்தான், பாருங்கள். மறுநாள் காலை ராகுகாலம் தவிர்த்து 2,00,000 அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஆப்பிலிருந்து லிங்க் வந்தது, அதில் 35,000. டோக்கனுக்கு ரசீது என்று வந்தது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்: ‘ரிசீவ்டு, நன்றி’.

ஏழு வேலைநாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை பதினாறாவது நாள் வந்தது. இரண்டு பக்கம். ‘2010 முதல் இன்றுவரை வில்லங்கம் ஏதுமில்லை.’ எனக்கும் நிம்மதி.

ஆடிப்பெருக்கு அன்றைக்கு நல்ல நாள், பூஜை அறையை அளந்துவிட்டு வரலாம் என்று அம்மா கிளம்பினாள். வீடு பூட்டியிருந்தது. கேட் அருகே நின்றுகொண்டிருந்தோம். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பாட்டி, ‘நீங்கதான் வாங்கறீங்களா? அந்தச் சின்னப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டாளா?’ என்று கேட்டார். எந்தப் பொண்ணு? அப்போதுதான் தெரிந்தது. ஒரே பையன்தான், பொய்யில்லை. கூடப் பிறந்த தங்கச்சிகள் இரண்டு பேர். பெரியவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர ஒத்துக்கொண்டாராம். சின்னவர் அம்பத்தூரில் இருக்கிறார், பாகம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் தெருவில் ஒரு வீடு விலைக்கு வந்தால் டீக்கடையிலேயே மொத்தக் கதையும் கிடைத்துவிடும், எந்த மருமகள் எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்பது உட்பட. இங்கே எல்லாக் கேட்டும் மூடியிருந்தது. அதை அமைதி என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாளே நாலு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் ஒரு பைசா போயிருக்காது.

தெரிந்த வக்கீல் ஒருவர் விளக்கினார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். ஒருவர் இறந்தது வராது, அவருக்கு எத்தனை வாரிசு என்பதும் வராது, கோர்ட்டில் நடக்கும் வழக்கும் தானாக வந்து உட்காராது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. இது 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வரி ரசீதும் ஈபி கார்டும் உரிமைக்கு ஆதாரமே இல்லை. இன்னொன்றும் சொன்னார், அதுதான் வயிற்றைப் பிசைகிறது: அந்த வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாமாம். 35,000 கொடுத்து அதைத்தான் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். வீட்டுக்காரர், ‘தங்கச்சி விஷயம் முடிஞ்சிடும், நீங்க ஏன் அவசரப்படறீங்க? நீங்களா விலகினா டோக்கன் திரும்ப வராது, அதுதானே வழக்கம்’ என்றார். ஏஜென்ட் பையன் முதல் வாரம் ‘பேசிட்டுச் சொல்றேன் சார்’, இரண்டாம் வாரம் ‘நான் இப்ப அந்த ஏரியா பாக்கறதில்ல சார்’, அதற்குப் பிறகு ரிங் போகிறது, எடுப்பதில்லை. ஆப்பில் புகார் போட்டேன். ‘உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது’ என்று மூன்று முறை மூடினார்கள். எந்தச் சிக்கல், யார் தீர்த்தது?

நேற்று நேரிலேயே போனேன். தண்ணீர் கொடுத்தார்கள், சோபாவில் உட்கார வைத்தார்கள், மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டரை மணி நேரம். கடைசியில் வந்த பெண் நிதானமாகச் சொன்னார்: ‘நாங்க பிளாட்ஃபார்ம் மட்டும்தான் சார். பச்சை டிக்னா விளம்பரம் போட்டவரோட போன் நம்பர் சரிபார்க்கப்பட்டதுன்னு அர்த்தம்.’ போன் நம்பர்! அந்த 35,000-க்கு? ‘அறிக்கையில தப்பு எதுவும் இல்லையே சார், வில்லங்கம் இல்லதானே.’ அதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம் என்று பார்த்தால், பழைய தனி வீட்டு மறுவிற்பனை அதில் வராது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

மிச்சம் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போட்டுப் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தனியாக வக்கீல் நோட்டீஸ் போகிறது. 2,35,000 ரூபாய் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அம்மாவின் இரண்டு வளையல் அதில் இருக்கிறது. அவளோ இன்னும் அந்த மாமரத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நேரமில்லை, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சொத்துக்காரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், அதில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா பாருங்கள். வில்லங்கம் 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள். விற்பவர் பெயரைக் கோர்ட் இணையதளத்தில் தேடுங்கள். டோக்கன் கொடுத்தால், எந்தச் சூழ்நிலையில் திரும்ப வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆடி பிறக்கட்டும், போகட்டும்.

அந்த வீடு இன்றைக்குக் காலையிலும் ஆப்பில் இருக்கிறது. முதல் படம் மாமரம், பக்கத்தில் அதே பச்சை டிக், விலை 1 கோடியே 25 லட்சம். பால் பண்ணைப் பக்கம் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், அதே வீடா என்று சொல்கிறேன். மனுவுக்கு மூன்று செட் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், கடைக்காரர் ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்.